வெள்ளையினத் தோழர்களுக்கு ஒரு கோரிக்கைச் சாசனம்

மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் குடியிருக்கும் தமிழர்களாகிய நாங்கள், எங்களோடு இங்கே வாழும் வெள்ளையினத் தோழர்களிடமும், அவர்களுடைய வாக்குப் பலத்தால் அமையும் நகர்மன்றம், மாநிலச் சட்டமன்றம், அமெரிக்க நாடாளுமன்றம் ஆகியவற்றிடமும் இந்தச் சாசனத்தை வைக்கிறோம். முதலில் தமிழில் எழுதுகிறோம். எங்கள் மக்கள் படித்து, வாதிட்டு, உடன்பட்டுக் கையெழுத்திட்ட பிறகு அண்டை வீடுகளுக்கு ஆங்கிலத்தில் கொண்டுபோவோம். கறுப்பின மக்களின் சார்பில் பேச எங்களுக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களே பல தலைமுறைகளாகத் தெளிவாகச் சொல்லி வருகிறார்கள். காவல்துறையின் கையால் அவர்கள் சாகும்போது பக்கத்தில் நிற்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது இந்தச் சாசனம். பக்கத்தில் நிற்பவர்களில் நாங்களும் உண்டு.

2020 மே 25 மாலையில், மினியாபொலிஸின் 38ஆம் தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் முனையில் நடந்தது உலகத்துக்கே தெரியும். கள்ள நோட்டு என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு 20 டாலர் தாளுக்காக ஜார்ஜ் ஃப்ளாய்டைப் பிடித்தார்கள். கைவிலங்கு மாட்டிக் குப்புறக் கிடத்தியவரின் கழுத்தில் டெரெக் ஷாவின் என்ற காவலர் முழங்காலை ஊன்றி 9 நிமிடம் 29 விநாடி அழுத்தினார். அப்போது நடைபாதையில் நின்றவர்களைப் பற்றி எங்கள் மக்களிடையே அவ்வளவாகப் பேச்சில்லை. இந்தச் சாசனம் அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

அவர்களில் ஒருவர் ஜெனிவீவ் ஹான்சன், வெள்ளையினப் பெண். மினியாபொலிஸ் தீயணைப்புத் துறையில் வேலை, அவசர மருத்துவ உதவியில் பயிற்சி பெற்றவர். அன்று விடுமுறையில் காலாற நடந்து வந்தவர், தான் யார் என்று சொல்லி, நாடி இருக்கிறதா பாருங்கள் என்று கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். தன்னை அருகில் விடச் சொன்னார். கூட்டத்தை மறித்து நின்ற தூ தாவ் என்ற காவலர் அவரை நடைபாதையைத் தாண்ட விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஹான்சன் 911-ஐ அழைத்து, காவலர்கள் நாடிகூடப் பார்க்காமல் ஒரு மனிதரைச் சாகவிட்டதைக் கண்ணால் பார்த்ததாகப் புகார் செய்தார். மறு ஆண்டு நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டேறி, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கு அசையாமல் பதில் சொன்னார்.

அதே நடைபாதையில் நின்ற டார்னெல்லா ஃப்ரேசியருக்கு வயது 17. கறுப்பினப் பெண். கைப்பேசியைத் தாழ்த்தாமல் முழுவதையும் படம் பிடித்தார். அன்றிரவு காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கை, பிடிபட்டவருக்கு மருத்துவச் சிக்கல் ஏற்பட்டு இறந்தார் என்றது. முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஃப்ரேசியரின் காணொளி வெளிவராவிட்டால் அந்த அறிக்கையே உண்மையாக நின்றிருக்கும்.

ஹான்சனிடம் இருந்தது அவருடைய வேலையும் நிறமும் தந்த மதிப்பு. அதை அவர் அந்த இடத்திலேயே, காவலர்களின் முகத்துக்கு நேராகச் செலவிட்டார். துணை நிற்பது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அவ்வளவு செய்தும் ஃப்ளாய்ட் பிழைக்கவில்லை. ஆகையால் எங்கள் கோரிக்கைகளில் பாதி மனிதர்களிடம், பாதி சட்டத்திடம்.

அந்தக் கோடையில் வெள்ளையினத்தவர் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அது பொய்யில்லை, நாங்கள் பார்த்தோம். ஜூன் 2 அன்று இன்ஸ்டாகிராம் முழுவதும் கறுப்புச் சதுரங்கள் நிறைந்தன. இனவெறி பற்றிய நூல்கள் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. பியூ ஆய்வு மையத்தின் கணிப்பில், பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்துக்கு அப்போது அமெரிக்காவில் வயது வந்தோரில் 67 விழுக்காட்டினர் ஆதரவு சொன்னார்கள். 2023இல் அது 51 ஆனது. அந்த ஆண்டு ஜூனில்தான் அமெரிக்க நீதித்துறை, மினியாபொலிஸ் காவல்துறை கறுப்பின மக்களையும் பழங்குடி மக்களையும் பாகுபடுத்தி நடத்துவதை விரிவான அறிக்கையாக வெளியிட்டது. 2025 ஜனவரியில் அத்துறையும் நகரமும் நீதிமன்ற மேற்பார்வையோடு கூடிய சீர்திருத்த ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. மே மாதம், ஃப்ளாய்டின் ஐந்தாம் நினைவு நாளுக்குச் சில நாள் முன்பு, புதிய ஆட்சியின் நீதித்துறை அதைக் கைவிட்டது. மே 27 அன்று நீதிபதி அந்த ஒப்பந்தத்துக்கான வழக்கைத் தள்ளுபடி செய்தார். தெருக்களில் 2020இன் கூட்டம் இல்லை.

2021 நவம்பரில் காவல்துறையைக் கலைத்துப் புதிய துறை அமைக்கும் யோசனை வாக்கெடுப்பில் தோற்றதைக் காட்டி, வெள்ளையினத்தவர் கைவிட்டுவிட்டார்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வடக்கு மினியாபொலிஸில் கறுப்பினக் குடும்பங்களிலும் பலர் எதிர்த்தே வாக்களித்தார்கள். தங்களைக் கொல்லாத, கூப்பிட்டால் வருகிற காவல்துறையை அவர்கள் கேட்டார்கள். வெள்ளையினத்தவருக்கு அது ஏற்கெனவே கிடைத்திருக்கிறது.

பேச்சைப் பற்றி

முதல் கோரிக்கை இது. கறுப்பினத்தவர் இல்லாத இடத்தில் இனவெறியைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் வீட்டு நன்றி நவிலல் விருந்தில், தேவாலயக் கூட்டத்தில், குழந்தைகளின் ஹாக்கி ஆட்டம் பார்க்கும் இருக்கையில், காவலராக வேலை செய்யும் உங்கள் சித்தப்பா மகனிடம் பேசுங்கள்.

2020இல் எத்தனையோ கறுப்பின ஊழியர்களுக்குக் கூட வேலை செய்பவர்களிடமிருந்து செய்தி வந்தது: வருந்துகிறேன், நான் என்ன செய்யட்டும், எனக்குச் சொல்லித் தாருங்கள். அடிபட்டவரிடம் போய் ஆறுதல் கேட்பது அது. உங்களுக்கு வெட்கமோ குற்ற உணர்வோ வந்தால், அதை இன்னொரு வெள்ளையினத்தவரிடம் கொண்டுபோங்கள். கறுப்பினத்தவர் ஒருவர் தானாக உங்களிடம் பேச வந்தால், நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று குறுக்கிடாமல் கடைசிவரை கேளுங்கள்.

இது புதிய கோரிக்கை அல்ல. தென் மாநிலங்களில் வாக்குரிமைக்காக உயிரைப் பணயம் வைத்த எஸ்.என்.சி.சி. அமைப்பின் கறுப்பின இளைஞர்கள் 1966 வாக்கிலேயே தம் வெள்ளையினத் தோழர்களிடம், உங்கள் மக்களிடம் போய் வேலை செய்யுங்கள் என்றார்கள். பலர் மனம் நொந்து விலகினார்கள். அதற்கு முன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் ஆன் பிரேடன். 1954இல் கென்டக்கியின் லூயிவில் நகருக்கு அருகே வெள்ளையினத்தவர் பகுதி ஒன்றில், ஆண்ட்ரூ வேட் என்ற கறுப்பின நண்பருக்காக ஆனும் அவர் கணவர் கார்லும் தம் பெயரில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்குக் குண்டு வைத்தார்கள். அரசு வழக்குப் போட்டது குண்டு வைத்தவர்கள் மேல் அல்ல, பிரேடன் தம்பதியர் மேல், அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக. கார்லுக்கு 15 ஆண்டுச் சிறை விதித்தார்கள். மாதக்கணக்கில் சிறையில் இருந்த பிறகே அந்தத் தண்டனை ரத்தானது. ஆன் 2006இல் இறக்கும்வரை அந்த ஊரிலேயே இருந்து, தம் இனத்தாரிடம் பேசிக்கொண்டே இருந்தார். பிரியானா டெய்லரை நள்ளிரவில் கதவை உடைத்துக் காவலர்கள் சுட்டுக் கொன்றதும் அதே லூயிவிலில்தான், 2020 மார்ச்சில்.

பேச்சை எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு இரண்டு இடம் சொல்கிறோம்.

ஒன்று, உங்கள் வீட்டுப் பத்திரம். 1910 முதல் மினியாபொலிஸில் ஆயிரக்கணக்கான வீட்டுப் பத்திரங்களில், இந்த இடத்தைக் கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று நிபந்தனை எழுதினார்கள். பல பத்திரங்களில் சீனரும் ஜப்பானியரும்கூட விலக்கப்பட்டார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேப்பிங் பிரெஜுடிஸ் திட்டத்தார் பழைய பதிவுகளைப் புரட்டி அவற்றை வரைபடமாக்கியிருக்கிறார்கள். உங்கள் தெருவின் பெயரைக் கொண்டு தேடிப் பாருங்கள். அந்த நிபந்தனை செல்லாது என்று பதிவு செய்ய மாநிலச் சட்டம் இடம் தருகிறது. அந்த வேலையைச் செய்யும்போது மேசையைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் மதிப்பு எப்படி ஏறியது, யாரை வெளியே நிறுத்தியதால் ஏறியது என்று அவர்கள் கேட்பார்கள்.

இரண்டு, கறுப்பினப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம். காவலர் வண்டியை நிறுத்தினால் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வை. உரிமத்தை எடுக்கும் முன் எடுக்கப்போகிறேன் என்று சொல். குரலை உயர்த்தாதே. அவர் தவறே செய்தாலும் வாதிடாதே, உயிரோடு வீடு வந்து சேர். மகனுக்கு மீசை அரும்பும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. செயின்ட் பாலில் பள்ளி உணவுக் கூடத்தில் வேலை செய்த ஃபிலாண்டோ காஸ்டீல் அந்தப் பாடத்தை அறிந்தவர். தம் வாழ்நாளில் குறைந்தது 46 முறை வண்டியோடு நிறுத்தப்பட்டவர். 2016 ஜூலை 6 அன்று ஃபால்கன் ஹைட்ஸில் பின்விளக்கைக் காரணம் சொல்லி மறித்தபோது, தன்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது என்று முறைப்படி முன்கூட்டியே சொன்னார். சில விநாடிகளில் சுடப்பட்டார். பின் இருக்கையில் 4 வயதுக் குழந்தை இருந்தாள். சுட்டவரை ஜூரி விடுதலை செய்தது. பாடத்தை ஒழுங்காகக் கற்றவரும் பிழைக்கவில்லை. உங்கள் மகனுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்கும் நாளில், அவனுடைய கறுப்பின வகுப்புத் தோழனுக்கு அதே நாளில் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை அவனுக்குச் சொல்லுங்கள்.

911 பற்றி

ஃப்ளாய்ட் இறந்த அதே 2020 மே 25 காலையில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில், நாயைக் கயிற்றில் கட்டச் சொன்ன கறுப்பினப் பறவை ஆர்வலர் ஒருவரைப் பற்றி, ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் தன்னை மிரட்டுகிறார் என்று வெள்ளையினப் பெண் 911-இல் புகார் செய்தார். 2018இல் பிலடெல்பியா ஸ்டார்பக்ஸ் கடையில் நண்பருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களை ஒரு தொலைபேசி அழைப்பு கைவிலங்கு மாட்ட வைத்தது. 2015இல் அலபாமாவின் மேடிசன் நகரில், குஜராத்திலிருந்து பேரனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த 57 வயதுப் பெரியவர் காலையில் நடந்து போனார். ஒல்லியான கறுப்பு மனிதர் ஒருவர் சந்தேகத்துக்கு இடமாக உலாவுகிறார் என்று அந்தத் தெருக்காரர் அழைத்தார். வந்த காவலர் அவரைத் தூக்கித் தரையில் அடித்ததில் உடலின் ஒரு பகுதி முடங்கிப்போனது. ஒன்றிய நீதிமன்றத்தில் அந்தக் காவலர் விடுதலையானார்.

சந்தேகம் என்ற ஒன்றுக்காக 911-ஐ அழைக்காதீர்கள் என்று கேட்கிறோம். உயிருக்கு ஆபத்து என்றால் அழையுங்கள். மனநலச் சிக்கலில் தவிப்பவரைக் கண்டால், ஆயுதமில்லாத மனநல உதவிக் குழுவை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மினியாபொலிஸில் 2021 டிசம்பர் முதல் அப்படி ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழுவுக்கு எல்லா நேரத்திலும் போதுமான ஆளும் நிதியும் தர வேண்டும் என்று நகர்மன்றத்திடம் கோருகிறோம்.

துக்கத்தைப் பற்றி

இதைச் சொல்வது கடினம், ஆனாலும் சொல்ல வேண்டும். 1964 கோடையில் மிசிசிப்பியில் ஜேம்ஸ் சேனி என்ற கறுப்பின இளைஞரும் குட்மன், ஷ்வெர்னர் என்ற வெள்ளையின இளைஞர்கள் இருவரும் காணாமல் போனார்கள். துணை ஷெரிஃப் ஒருவரே அவர்களைப் பிடித்து வைத்திருந்து கொலைகாரர்கள் கையில் சிக்கவிட்டார். நாடு முழுவதும் பதறியது, ஆறு குளங்களில் தேடினார்கள். தேடலின் போது மிசிசிப்பி ஆற்றில் வேறு இரண்டு உடல்கள் கிடைத்தன. ஹென்றி டீ, சார்லஸ் மூர் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞர்கள். அவர்களுக்காக அதுவரை நாடு பதறவில்லை. 1965 பிப்ரவரியில் அலபாமாவில் ஜிம்மி லீ ஜாக்சனை மாநிலக் காவலர் சுட்டுக் கொன்றபோது எழாத கூக்குரல், மறு மாதம் செல்மாவில் ஜேம்ஸ் ரீப் என்ற வெள்ளையினப் போதகரை அடித்துக் கொன்றபோது எழுந்தது.

மினசோட்டாவிலும் அப்படியே. பணியில் இருந்தபோது செய்த கொலைக்காக இந்த மாநிலத்தில் முதன்முதலாகத் தண்டிக்கப்பட்ட காவலர் சோமாலியாவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். 2017இல் அவர் சுட்டுக் கொன்றது ஒரு வெள்ளையினப் பெண்ணை. அந்தப் பெண்ணின் சாவுக்கு நீதி கேட்டது சரி. அதே நீதி காஸ்டீலுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அப்போதே நீங்கள் கேட்டிருக்க வேண்டும். காணொளி இல்லாத சாவுகளுக்கும், உலகம் பார்க்காத சாவுகளுக்கும் நீங்கள் வந்து நிற்க வேண்டும் என்று கோருகிறோம். முன்வரிசையில் குடும்பத்தார் நிற்கட்டும், ஒலிபெருக்கி அவர்கள் கையில் இருக்கட்டும்.

சட்டத்தைப் பற்றி

ஷாவினுக்கு 22 ஆண்டு 6 மாதம் சிறை விதித்ததோடு கணக்கு முடிந்ததாக நினைப்பவர்கள், 2017 செப்டம்பரில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனை டார்ச் விளக்கால் அடித்து, இதேபோல முழங்காலால் அழுத்தியவர் ஷாவின். அது காவலர்களின் சட்டைக் கேமராவில் பதிவாகியிருந்தது. பதிவு காவல்துறையின் கையில் இருந்தது. அதற்குப் பிறகும் அவர் வேலையில் தொடர்ந்தார், புதிய காவலர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். ஃப்ளாய்டின் சாவுக்குப் பிறகுதான் அந்தக் குற்றத்தை ஒன்றிய நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆகவே, பலப்பிரயோகம் செய்த ஒவ்வொரு நிகழ்வின் கேமராப் பதிவையும் காவல்துறைக்கு வெளியே உள்ள ஒரு குழு பார்க்க வேண்டும், குடும்பத்தார் கேட்டால் உடனே காட்ட வேண்டும் என்று கோருகிறோம்.

அரசியல் சட்ட உரிமையை மீறிய காவலர் மேல் வழக்குத் தொடுத்தால், இதே மாதிரி ஒன்றை முன்பு எந்த நீதிமன்றமும் தவறு என்று தெளிவாகத் தீர்ப்பளிக்கவில்லை என்று சொல்லி வழக்கையே தள்ளிவிடும் ஒரு காப்பு இருக்கிறது. அது உச்ச நீதிமன்றம் 1967 முதல் வளர்த்தெடுத்த கோட்பாடு. கொலராடோ மாநிலம் 2020 ஜூனில் தன் மாநிலச் சட்டத்தின்படி தொடுக்கும் வழக்குகளில் அந்தக் காப்பை நீக்கியது. தீய நோக்கோடு நடந்த காவலர் தம் கையிலிருந்து 25,000 டாலர்வரை கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. மினசோட்டா சட்டமன்றமும் அப்படிச் செய்ய வேண்டும். ஃப்ளாய்ட் குடும்பத்துக்கு மினியாபொலிஸ் நகரம் கொடுத்த 2 கோடியே 70 லட்சம் டாலர் பொது மக்களின் பணம். ஃப்ளாய்டின் பெயரால் வந்த காவல் சீர்திருத்த மசோதா பிரதிநிதிகள் சபையில் 2020இலும் 2021இலும் நிறைவேறி, செனட்டில் முடங்கியது. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும்.

பின்விளக்கு, கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டை போன்றவற்றுக்காக வண்டியை மறிப்பதை மாநிலம் முழுவதும் நிறுத்த வேண்டும். ராம்சே மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2021இல் இந்த வழியில் அடி எடுத்து வைத்தது. மற்ற மாவட்டங்கள் பின்தொடரவே இல்லை என்ற நிலை வரக் கூடாது. ஒன்றிய அரசு கைவிட்டாலும், மாநில மனித உரிமைத் துறையோடு 2023இல் நகரம் செய்துகொண்ட நீதிமன்ற உடன்பாடு நடப்பில் இருக்கிறது. அதற்கான நிதியில் ஒரு காசும் குறைக்கக் கூடாது.

எங்களைப் பற்றி

வெள்ளையினத்தவரிடம் கேட்பதை நாங்களும் செய்யக் கடமைப்பட்டவர்கள். இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை இல்லை என்று 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்களுக்கு இந்த நாட்டின் கதவைத் திறந்த 1965 குடிவரவுச் சட்டம், கறுப்பின மக்கள் ரத்தம் சிந்தி நடத்திய உரிமைப் போராட்டத்தின் விளைச்சல். அந்தக் கடனை மறந்து, நல்ல பள்ளி, நல்ல பகுதி என்ற பெயரில் கறுப்பினத்தவர் இல்லாத தெருவைத் தேடும் பேச்சு எங்கள் பொங்கல் விழாக்களிலும் கேட்கிறது. ஹான்சனை மறித்து நின்ற தூ தாவ் ஆசிய வம்சாவளியினர். முதுகைக் காட்டி நிற்பதும் குற்றம் என்றே அவருக்குத் தண்டனை கிடைத்தது.

காவல் வன்முறை எங்களுக்குப் புதிதும் அல்ல. ஃப்ளாய்ட் இறந்து ஒரு மாதம் ஆவதற்குள் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் சித்திரவதைக்கு ஆளான ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தார்கள். அந்த நிலையத்திலேயே வேலை செய்த தலைமைக் காவலர் ரேவதி, இரவில் நடந்ததை மாஜிஸ்ட்ரேட்டிடம் சொன்னார். உள்ளே இருந்துகொண்டு உண்மை சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பது தமிழர்களுக்குத் தெரியும். அதனால்தான் சாதிப் பெயரைச் சொல்லி வீட்டில் நடக்கும் பேச்சையும் கண்டும் காணாமல் விடக் கூடாது என்று இதில் கையெழுத்திடுபவர்களிடம் கேட்கிறோம்.

இந்தச் சாசனத்தோடு உடன்படும் தமிழர்கள் கையெழுத்திடுங்கள். பிறகு உங்களுக்குப் பழக்கமான ஒரு வெள்ளையினக் குடும்பத்தை வீட்டுக்கு அழைத்து, சாப்பாட்டுக்குப் பின் இதை வாசித்துக் காட்டுங்கள். மினியாபொலிஸ் நகர்மன்றம் ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறது. அதற்கு முன் நடக்கும் பொதுக் கருத்துக்கேட்பில் யாரும் பெயர் கொடுத்துப் பேசலாம். அவர்களையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.